றெனால்ட் மச்சானின் காருக்கு நட்டுத் தேடிய வரலாறு

இயேசு, மரி, சூசை துணை

பேசாலை,
2012 கார்த்திகை.

அன்பும் கண்ணியமும் நிறைந்த மச்சான் றெனால்ட் அவர்களுக்கு,

தங்கள் தங்கை செலீனாவின் புருஷன் அம்புறோஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் செலீனாவும் மகள் மதுஷிகாவும் தங்கள் காரும் நல்ல சுகம். அதுபோலத் தாங்களும் மச்சாளும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் தடிமன், இருமல் அண்டாமல் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம். நிற்க.

தங்கள் கடிதம் கிடைத்தது. தை மாதம் நடக்கவிருக்கும் மதுஷிகாவின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, முழங்காலும் சரியில்லை, ஆகையால் வர இயலாது என்று எழுதியிருந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "வந்தும் என்ன, எனக்கு அங்கே இனி என்ன இருக்கு" என்று ஒரு வரி சேர்த்து, அதற்குக் கீழேயே, காருக்குக் குறைகிற நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் இங்கிலாந்தில் எடுப்பித்துப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன், அதையே மாமனின் வரவாக எண்ணிக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். செலீனா வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள். மீன் பொரிக்கப் போனாள். அன்று மத்தியானம் நாங்கள் மீனுக்குப் பதில் கரி சாப்பிட்டோம். போனில் இதற்குப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் கடற்றொழிலாளர் சங்கத்தில் காரியதரிசியாக இருந்தவன் நான். முக்கியமான சங்கதியை எழுத்தில் வைப்பதே என் வழக்கம். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்: பார்சல் வேண்டாம். நட்டுமில்லை போல்ட்டுமில்லை என்று கனடா வாசலில் கையேந்தி நிற்கிற நிலையில் மன்னார்த் தீவு இல்லை. எல்லாவற்றையும் நானே தேடிப் பூட்டிவிட்டேன். எப்படியென்று கேளுங்கள்.

சண்டை மூண்ட தொண்ணூறாம் ஆண்டு தாங்கள் இந்தக் காரைச் சங்கத்தின் வலைக் கொட்டிலுக்குள் தள்ளி விட்டுவிட்டு, திறப்பை என் கையில் தந்து, "பார்த்துக்கொள்" என்று ஒரு சொல் சொல்லி இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினீர்கள். நான் பார்த்துக்கொண்டேன். பழைய வலையால் மூடி, அதன்மேல் பனையோலைப் பாயால் மூடி, அதன்மேல் ஒரு பொய்யாலும் மூடினேன். உள்ளே பழுதான ஐஸ் பெட்டி இருக்கிறதென்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். நாங்களும் இடையில் ஓடினோம், முகாமில் இருந்தோம், திரும்பி வந்தோம். கொட்டிலுக்குக் கூரை இருந்த காலமும் உண்டு, இல்லாத காலமும் உண்டு. உள்ளே ஆடு குட்டி போட்டது. மன்னார்க் கழுதை ஒன்று எங்கிருந்தோ பேசாலை மட்டும் நடந்து வந்து, இடது பக்கத்து ஆசனத்தின் தும்பு முழுவதையும் தின்றுவிட்டுப் போனது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள், ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் ருசி அதற்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஊரவர்கள் திரும்பி வந்தபோது சிலருக்கு வீட்டில் கதவுநிலைகூட மிஞ்சவில்லை. எனக்கு ஒரு கார் மிஞ்சியிருந்தது. சின்னச் சாமான்கள்தான் போய்விட்டன. ஒரு காரைக் களவெடுப்பது பாவம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நட்டைக் கழற்றுவதைப் பாவசங்கீர்த்தனத்தில் யாரும் சொல்வதாக நான் அறியேன்.

வள்ள எஞ்சின் திருத்துகிற ஆளைக் கொண்டு எஞ்சினை ஓடப்பண்ணினேன். எஞ்சின் ஓடியது, கார்தான் ஒன்றாக ஓட மறுத்தது. வலது கதவின் பிணைச்சலுக்குப் போல்ட்டு இல்லாததால் வளைவுகளில் கதவு தன்பாட்டில் திறந்து வழிவிட்டது. முன் மூடியான பொனற்றுக்குப் போல்ட்டு இல்லாததால் பள்ளத்தில் விழுந்தால் முதலை மாதிரி வாயைத் திறந்தது. எல்லாவற்றிலும் பெரிய தலையிடி முன் கண்ணாடி. அதை இரண்டு பக்கமும் பிடித்திருப்பது, வண்ணத்திப்பூச்சி மாதிரி இரண்டு காது வைத்த, விரலாலேயே திருகுகிற பித்தளை நட்டு. வலது நட்டு இருந்தது. இடது நட்டைக் காணோம். ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குப் பின்வாங்குவானா? கல்யாணப் பெண்ணை மாமன் காரில் ஏற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோய் இறக்குவது தங்கள் குடும்பத்து வழக்கம். செலீனாவைத் தங்கள் மாமன் அப்படித்தான் இறக்கினார். மாமன் வராவிட்டாலும் மாமனின் கார் போகத்தான் வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். மாப்பிள்ளை பகுதி மன்னாரிலிருந்து ஏசி போட்ட பெரிய வெள்ளை வான் வண்டியில் வருகிறார்களாம். வரட்டும்.

முதலில் மன்னார் ரவுண் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரப் பெடியன் கதவுப் போல்ட்டின் மாதிரியைப் பார்த்தவுடனேயே அதேபோல ஒன்றை எடுத்துத் தந்தான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். கையிலிருந்த பழைய நட்டில் பூட்டிப் பார்த்தேன். இரண்டு சுற்று ஏறியது, பிறகு நின்றுவிட்டது. சங்கக் காரியதரிசி நிற்பானா? ஸ்பனர் வாங்கி இறுக்கினேன். அவனும் பிடித்தான். கடையில் நின்ற மற்றவர்களும் ஆளுக்கொரு யோசனை சொல்லிப் பிடித்தார்கள். கடைசியில் பழையதும் புதியதும் பிரிக்க முடியாத பந்தத்தில் இணைந்துவிட்டன. இரும்பறுக்கிற வாளால் அறுத்துத்தான் எடுத்தோம். அதற்குப் பிறகுதான் எனக்கு மூளையில் உதித்தது. இப்போது வருகிற போல்ட்டுகளுக்குப் புரி மில்லிமீற்றர் கணக்கு. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சாமானுக்கோ அங்குலக் கணக்கு. ஆகவே கடையில் தேடிப் பிரயோசனமில்லை, வயதான இங்கிலாந்து இயந்திரம் எங்கே படுத்திருக்கிறதென்று தேட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பழைய இரும்பென்றால் கொண்டச்சி ஊர்த் தாவூது நானாதான். தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்து முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, காடாய்க் கிடந்த காணியை வெட்டித் தகரக் கொட்டில் போட்டு, இரும்பு சேர்த்து விற்கிறார். காணி வெட்டும்போது தன் பழைய வீட்டுக் கேற்றின் துண்டு ஒன்றையே மண்ணுக்குள்ளிருந்து கிளறி எடுத்தவர். அதைமட்டும் விற்காமல் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அவரிடம் காரையே கொண்டுபோவதென்று முடிவெடுத்து, இடது பக்கத்துக் கண்ணாடியை மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மன்னார்ப் பாலத்தில் கடற்காற்று அடித்த அடியில் நூல் அறுந்து, கண்ணாடி சட்டத்தோடு என் மடியில் வந்து உட்கார்ந்தது. அப்படியே, கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி சோதனைச் சாவடியில் போய் நின்றேன். அங்கே நின்ற ஆமிக்காரப் பெடியன் என் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. காரைச் சுற்றி நடந்தான். சிங்களத்தில் இது என்ன சாதி என்று கேட்டான். எம்.ஜி., இங்கிலாந்துச் சாதி என்றேன். அவனுடைய மேலாளையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாக வயர் எடுத்து என் கண்ணாடியைக் கட்டித் தந்து, பிறகு காரோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சாவடியில் நான் முன்பு நின்ற நாட்கள் வேறு. அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

தாவூது நானா காரைக் கண்டதும் என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்.

"இது றெனால்ட் தம்பிட காரெல்லோ. ஆள் எங்க? வந்துட்டாரா?"

தாங்கள் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறீர்கள், ஓய்வில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். பழைய மரமுந்திரிகைத் தோட்டத்து ட்ராக்டர் ஒன்று, இங்கிலாந்துக்காரன் செய்தது, அவருடைய குவியலின் அடியில் கிடந்தது. அதிலிருந்து கழற்றிய போல்ட்டுகள் கதவுப் பிணைச்சலில் விரலாலேயே ஏறின. கூலி என்ன என்று கேட்டதற்கு, மனைவி நசீறா இந்தக் காரில் ஒரு தடவை போக வேண்டுமாம், அவ்வளவுதான் என்றார். இரண்டு பேர் ஏறுகிற கார். ஆகவே நான் இறங்கிக் கோழிக்குக் காவல் இருந்தேன். சிலாவத்துறைக் கடற்கரை வரை போய்த் திரும்பி வந்தார்கள். வந்த பிறகும் நசீறா இறங்கவில்லை. கதவு இப்போது நல்லா இறுகித்தான் இருக்கா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லி மறுபடியும் போனார்கள். இரண்டாம் தடவை வரும்போது இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு மீன் ஆணமும் சோறும் கிடைத்தது. கனடாவில் பொத்தானை அமத்தினால் சாமான் வாசலில் வந்து விழுமாம். சோறு விழுமா?

பொனற்றுக்குப் பாப்பாமோட்டைக்குப் போனேன். தங்களோடு மன்னார்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த பாலசிங்கம், இடம்பெயர்ந்து எங்கெங்கோ அலைந்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது மறுபடியும் வயல் செய்கிறார். அவருடைய தண்ணீர் இறைக்கிற எஞ்சின் நமது காரைவிடக் கிழவன். விதைப்பு நேரம் எஞ்சினை நிற்பாட்ட ஏலாது என்று முதலில் மறுத்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, பின் மட்கார்டில் ஒரு நெளிவைத் தடவிப் பார்த்து, இது தானும் நீங்களும் பனைமரத்தில் முட்டிய இடமல்லவா என்று சொல்லி, எஞ்சினின் மூடியிலிருந்த போல்ட்டுகளைத் தானே கழற்றித் தந்தார். மூடியைக் கம்பியால் கட்டிக்கொண்டார். பனைமர விஷயம் இத்தனை காலமும் எங்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. மாடு இடித்ததென்றே என் மாமனாரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதை நான் இப்போது கிளறவில்லை. போல்ட்டுப் பூட்டி முடிந்ததும் பாலசிங்கம் விபூதித் தட்டோடு வந்து பொனற்றில் மூன்று குறி இழுத்து, சந்தனம் வைத்து, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். ஐயோ, இது மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரக் காரல்லவா என்றேன்.

"கார் வேதமோ சைவமோ எண்டு பார்த்து லொறி இடிக்கிறேல்லை, அம்புறோஸ். ஏறி ஓட்டுங்கோ."

தேசிக்காய் நசிந்தது. விபூதியை மன்னார்ப் பாலத்துக் காற்று அழிக்கும் என்று நம்பினேன். அழிக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு உங்கள் கார் பட்டை போட்டுக்கொண்டே கோவில் வாசலில் நின்றது.

இனிக் காது வைத்த நட்டு. அதுமட்டும் எந்த ட்ராக்டரிலும் இல்லை, எந்த எஞ்சினிலும் இல்லை, தலைமன்னார்த் துறையில் கிடக்கிற பழைய இரும்பு முழுவதையும் தடவிப் பார்த்துவிட்டேன், இல்லை. காணாமல் போனதற்குக் கோடி அற்புதர் அந்தோனியார்தானே. கிடைத்தால் வெள்ளியில் அதேபோல ஒரு நட்டுச் செய்து வைப்பேன் என்று நேர்ந்தேன். கண் சுகமானால் வெள்ளிக் கண், கால் சுகமானால் வெள்ளிக் கால், வள்ளம் மீண்டால் வெள்ளி வள்ளம் வைப்பதில்லையா? எல்லாரும் கிடைத்த பிறகு செய்விப்பார்கள். நான் அவசரக்காரன், கல்யாணமோ நெருங்குகிறது. காணிக்கையை முன்கூட்டியே செய்து கண்முன்னே காட்டினால் புனிதருக்கும் ஓர் உற்சாகம் வருமென்று எண்ணி, வலது நட்டைக் கழற்றிக்கொண்டு மன்னாரில் நகை செய்கிற செல்வநாயகம் பத்தரிடம் போனேன். நம்முடைய கோவில்களுக்கு அவர் செய்யாத அவயவம் இல்லை. நட்டைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. இது உடம்பிலை எந்த இடம்?"

விளக்கினேன். மாதிரியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். திரும்பப் போனபோது, சாமிக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாதென்று உள்ளே புரியும் சேர்த்து, அப்படியே செய்து வைத்திருந்தார். எது மாதிரி எது காணிக்கை என்பதை நிறத்தைக் கொண்டுதான் அறிய வேண்டும். வீட்டுக்கு வந்து, சும்மா ஒரு பரீட்சைக்காக, வெறும் பரீட்சைக்காக மட்டும், வெள்ளி நட்டை இடது பக்கத்தில் வைத்துத் திருகினேன். கடைசி வரை ஏறிப் போய் கண்ணாடியைக் கவ்விப் பிடித்தது. நான் காருக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன். செலீனா பின்னால் வந்து நின்றாள். புனிதருக்கு நேர்ந்ததைக் காரில் பூட்டிக்கொண்டு திரிந்தால் கல்யாண வீட்டில் இழவு விழும், இப்போதே கழற்றுங்கள் என்றாள். காணிக்கைக்குக் காரணமான நட்டு இதுவே, ஆகவே நட்டுக் கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டதால் இதைக் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டால் நட்டு இல்லை, நட்டு இல்லையென்றால் நேர்த்திக்கடனும் இல்லை, கடன் இல்லையென்றால் ஏன் கழற்ற வேண்டும் என்று நான் நியாயம் பேசினேன். அவள் சோறு போடவில்லை.

பங்குச் சுவாமியிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்ததாகத்தான் தான் கேள்விப்பட்டிருக்கிறாராம். ஆசாரியை வைத்துச் செய்து கொடுத்தது இதுதான் முதல் தடவையாம். பிறகு தீர்ப்புச் சொன்னார். நட்டு புனிதருடையது. கல்யாணம் வரை அவர் அதை நமக்கு இரவல் தருகிறார். பதிலுக்கு வருகிற ஆனி மாதத் திருநாளில் அவருடைய சுரூபம் இந்தக் காரில்தான் ஊர்வலம் வர வேண்டும். பட்டை போட்ட கார்தான், பரவாயில்லையா என்று கேட்டேன். அதைப் பற்றிப் புனிதர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் கழுவிக்கொண்டு வாங்கோ என்றார்.

கழுவினேன். மினுக்கினேன். போன சனிக்கிழமை மதுஷிகாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கல்யாணத்துக்கு ஒத்திகையாகக் கோவிலுக்குப் போய் வந்தேன். ஒன்றும் விழவில்லை. கதவு திறக்கவில்லை, பொனற் வாய் பிளக்கவில்லை, கண்ணாடி நிமிர்ந்து நின்றது. வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது மச்சான். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. இங்கிலாந்துக்காரன் செய்த காரை இன்று கொண்டச்சி, பாப்பாமோட்டை, மன்னார் ரவுண் எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் இதைக் காத்தவன் நான், ஓட்டிக்கொண்டு போனவனும் நான். வழி நெடுக சனம் சொன்னது, "றெனால்டின்ரை கார் போகுது" என்றுதான். மதுஷிகா அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆகவே தாங்கள் வீணாகச் சிரமப்பட வேண்டாம். இங்கிலாந்துக்கு எழுத வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம், முழங்காலை வருத்தவும் வேண்டாம். மாமன் இல்லாமல் பிள்ளை கோவிலுக்குப் போவாள், கார் இருக்கிறது. அதில் ஒரு நட்டுக்கூடக் குறைவில்லை என்பதைப் பேசாலைச் சங்கத்தின் முன்னாள் காரியதரிசி என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கடலும் கரையும் காக்கிற ஆண்டவர் அங்கே பனியிலும் தங்களைக் காப்பாராக. வீட்டுக் கோழி, ஆடு உட்பட அனைவரும் தங்களை விசாரித்ததாக அறியவும்.

இப்படிக்கு,
குறையொன்றுமில்லாத மச்சான்,
ச. அம்புறோஸ்

பி.கு.: மேலே உள்ளதை ஒட்டுவதற்கு முன் வழக்கம்போலச் செலீனாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்தாள். எழும்பி வெளியே போனாள். வலைக் கொட்டிலுக்குள் சத்தம் கேட்டது. வந்தபோது கையெல்லாம் கிறீஸ். காரைத் திருப்புகிற சுக்கான் வளையத்தின் நடுவில் இருக்கிற பெரிய நட்டைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தாள். எதற்கு எந்த ஸ்பனர் என்று எனக்கே குழப்பம். அவள் எப்போது படித்தாளோ தெரியாது. கல்யாணத்துக்கு எட்டு வாரமும் இல்லாத நேரத்தில் இதென்ன விளையாட்டு, தா என்றேன். தரவில்லை.

"ஒண்டு குறையுதெண்டு அண்ணைக்கு எழுதுங்கோ. அவர் கொண்டுவந்து தந்தாத்தான் என்ரை பிள்ளை இந்தக் காரிலை ஏறுவாள். 'அங்கே என்ன இருக்கு' எண்டு கேட்டவரெல்லோ. நான் இருக்கிறன் எண்டு எழுதுங்கோ."

பிறகு அழுதாள். நான் இருபத்திரண்டு வருடத்தில் இந்த விஷயத்துக்காக அவள் அழுது கண்டதில்லை. நானும் கொஞ்சம் அழுதேன். ஆகவே மச்சான், மேலே நான் எழுதிய பெருமையெல்லாவற்றையும் வெட்டிவிட்டு வாசிக்கவும். ஒன்று குறைகிறது. அதில்லாமல் கார் ஓடாது. பார்சலில் அனுப்பக்கூடிய சாமான் அல்ல.